வாசகர் கேள்வி: ஏமனுக்கு இப்போது போகலாமா?

கேள்வி: வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஏமன் நாட்டின் ஷிபாம் நகரத்து மண் மாளிகைகளை நேரில் காண வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அங்கே போர் தணிந்துவிட்டதாகவும், சொகோத்ரா தீவுக்காவது அபுதாபி வழியாகச் சென்று வரலாம் என்றும் பயண முகவர் ஒருவர் கூறுகிறார். நம்பிப் புறப்படலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம் அம்மா. முகவர் உங்களிடம் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. இந்தியக் கடவுச்சீட்டைக் கொண்டு ஏமனுக்குப் பயணம் செய்வதை இந்திய அரசு 2017ஆம் ஆண்டிலேயே அறிவிக்கை வெளியிட்டுத் தடை செய்துள்ளது. சிறப்பு அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே விலக்கு; மீறிச் செல்வோரின் கடவுச்சீட்டு முடக்கப்படலாம். சொகோத்ரா போர்முனையிலிருந்து விலகிக் கடலுக்குள் இருந்தாலும் அதுவும் ஏமனின் பகுதியே ஆதலால், தடை அதற்கும் பொருந்தும். பயணக் காப்பீடுகளிலும் போரால் நேரும் இழப்புகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. 2015இல் போர் மூண்டபோது 4,600க்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டு வர உதவிய நம் தூதரகம், அதே ஆண்டில் நாட்டுக்கு வெளியே மாற்றப்பட்டது என்பதால், ஆபத்தில் உடனே ஓடி வந்து உதவ அருகில் ஆள் இல்லை.

போர் தணிந்தது என்பதும் பாதி உண்மைதான். 2022 ஏப்ரலில் ஏற்பட்ட போர்நிறுத்தத்துக்குப் பின் பெருஞ்சண்டை குறைந்தது. ஆயினும் தலைநகர் சனா 2014 செப்டம்பரிலிருந்து ஹூதி கிளர்ச்சியாளர்களின் பிடியில் இருக்கிறது, தெற்கும் கிழக்கும் வேறு தரப்புகளிடம் பிரிந்து கிடக்கின்றன. ஒரு சோதனைச் சாவடியில் செல்லும் அனுமதி அடுத்த சாவடியில் செல்லாது போகலாம்.

உங்கள் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஷிபாம் இருக்கும் ஹத்ரமவுத் பள்ளத்தாக்கில், வெயிலில் காய்ந்த செங்கற்களால் ஏழு மாடி வரை எழுப்பி, உச்சியில் சுண்ணாம்பு பூசிய அந்த வீடுகளுக்கு இணையான நகரம் வேறெங்கும் இல்லை. ஆனால் மண் சுவர் கருங்கல் கோயிலைப் போல யாரும் தொடாமலே நிற்பதில்லை. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். குண்டுவீச்சைப் போலவே, பூசுவதற்குக் கூலி கொடுக்க வழியற்ற வறுமையும் இந்த நகரங்களை அழிக்கிறது. 2020இல் பெய்த பெருமழையில் சனாவின் பழைய வீடுகள் பல சரிந்தன. சனாவும் ஷிபாமும் 2015 முதல் அழியும் ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில் உள்ளன. பண்டைய சபா அரசின் தலைநகரான மாரிப் 2023இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அன்றே ஆபத்துப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் யுனெஸ்கோ உள்ளூர் இளைஞர்களுக்குக் கூலி கொடுத்து வீடுகளைச் செப்பனிடச் செய்துவருகிறது. சுற்றுலாவின் வருங்காலம் என்று ஏதேனும் இருக்குமானால், அந்தக் கொத்தனார்களின் கைத்தொழில் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருவதைப் பொறுத்துத்தான் அது இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் அந்தப் பண்பாட்டை வேறெங்கும் காண வழி உண்டா?
- அதே வாசகி

பதில்: உண்டு. பக்கத்து நாடான ஓமானில், சலாலா நகருக்குக் கிழக்கே உள்ள கோர் ரோரிக்குச் செல்லுங்கள். அங்கே உள்ள சும்ஹுரம் என்னும் பழந்துறைமுகத்தை, சாம்பிராணி வணிகத்துக்காக ஏமனின் பண்டைய ஹத்ரமவுத் அரசே நிறுவியது. 2000இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட தலங்களுள் அதுவும் ஒன்று. அங்கே நடந்த அகழாய்வில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்தது. அதில் ‘ணந்தை கீரன்’ என்று வாசித்திருக்கிறார்கள். நம் வணிகன் ஒருவன் அந்த அரசின் மக்களோடு பழகிய இடத்திலேயே நீங்களும் நிற்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை மூட்டமும் உள்நாட்டுப் பயணிகளின் கூட்டமும் மிகுதி என்பதால், நவம்பருக்குப் பின் செல்வது நல்லது. சலாலாவின் அல் பலீத் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாளைத் தனியே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.