கிர்பி என்ற வீடியோ கேம் நாயகனின் முதல் விளையாட்டு மிகவும் எளிதாமே, இன்று அதை மறுபடி ஆடுவதில் என்ன சுகம்?

எளிதுதான், மறுப்பதற்கில்லை. பழகிய கை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். ஆனால் அந்த எளிமை யோசித்துச் செய்தது. அதனால்தான் எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

'கிர்பீஸ் டிரீம் லேண்ட்' 1992-இல் நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயில் வந்தது. ஹால் லேபரட்டரி என்ற ஜப்பானிய விளையாட்டு நிறுவனத்தில் இருந்த மசாஹிரோ சகுராய் அதைப் புதிதாக ஆட வருபவர்களுக்காகவே வடிவமைத்தார். தற்காலிகமாக வரைந்து வைத்த உருண்டை உருவம் பிடித்துப்போக, அதுவே கதாநாயகனாக நிலைத்தது. தாவித் தாவி முன்னேறும் இந்த வகை விளையாட்டுகளில் ஆரம்பக்காரர்களை விரட்டுவது பள்ளம்: ஒரு தாவல் தவறினால் உயிர் போயிற்று. கிர்பியோ காற்றை உறிஞ்சி உப்பிப் பறந்துவிடுவான். எதிரியோடு மோத மனமில்லையா, தலைக்கு மேலே பறந்து போகலாம். மோதியே தீர வேண்டியது சில கட்டங்களின் நடுவிலும் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வரும் பெரிய எதிரிகளோடுதான்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறேன். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்த மாலைகளில் பழைய கேம் பாயை அக்கா மகனிடம் கொடுத்தேன். நான்கு சிறிய பேட்டரிகள் போதும். திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது என்பதால் சார்ஜ் விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆடினான். முதல் கட்டத்தின் முடிவில் முகம் வைத்த மரம் ஒன்று நிற்கும். அது காற்றை ஊதும், கிளையிலிருந்து ஆப்பிள்களை உதிர்க்கும். கொஞ்ச நேரம் ஒதுங்கி ஒதுங்கி ஓடியவன், "மாமா, இந்த ஆப்பிளை விழுங்கலாமா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. உறிஞ்சினான், மரத்தின் மேலேயே துப்பினான், மரம் கண் கலங்கியது. வீட்டில் ஒரே கூச்சல்!

ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல், தாக்க வரும் பொருளையே ஆயுதமாகக் கையில் கொடுத்து ஆட்டத்தைக் கற்றுத்தருகிறது அந்த மரம். விழுங்கிய எதிரியின் திறமையைப் பெறும் வசதி அடுத்த ஆண்டு வந்த விளையாட்டில்தான் சேர்ந்தது. இதில் உறிஞ்சுவது, துப்புவது, பறப்பது, அவ்வளவே. இடையில் காரமான கறி கிடைத்தால் கிர்பி வாயிலிருந்து நெருப்பைக் கக்குவான். டர்பன் பிள்ளைக்கு அதை விளக்கவே தேவையில்லை!

மொத்தம் ஐந்து கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் முந்தைய எதிரிகள் நால்வரும் திரும்ப வருவார்கள், அவர்களைத் தாண்டினால் சுத்தியலோடு டெடெடே மன்னன் காத்திருப்பான். அவன் கிர்பியையே உறிஞ்சப் பார்ப்பான். அங்கே மட்டும் கை கொஞ்சம் வியர்க்கும்.

சவால் போதவில்லை என்பவர்கள் தலைப்புத் திரையில் மேல் திசை, ஏ, செலக்ட் பொத்தான்கள் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கடினமான ஆட்டம் திறக்கும். எதிரிகள் மாறி வருவார்கள், பழைய துணிச்சல் அங்கே செல்லாது. ஆனால் முதலில் சாதாரண ஆட்டத்தை அவசரமில்லாமல் ஆடிப் பாருங்கள். பழைய கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஸ்விட்ச் என்ற புதிய விளையாட்டுக் கருவி வைத்திருப்பவர்களுக்கு நின்டெண்டோவின் சந்தாச் சேவையில் 2023 முதல் இந்த விளையாட்டு கிடைக்கிறது.