வாவி நண்டுக் காலில் செரற்றோனின்: மூன்றாம் நாள் ஏன் வேலை செய்யவில்லை?

கல்லடியில் வாங்கிய வாவி நண்டின் காலில் நரம்பைத் தூண்டும்போது, முதல் நாள் செரற்றோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் தசைச் சுருக்கத்தைக் கூட்டியது, மூன்றாம் நாள் ஒன்றுமே மாறவில்லை, தசையும் வீங்குகிறது என்கிறீர்கள்.

நண்டில் பிழையில்லை, போத்தலில்தான். கரைசல் இளம்பழுப்பாகிவிட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது ஒட்சியேறிய செரற்றோனின். தினமும் புதிதாகக் கரைத்து, அலுமினியத் தாள் சுற்றி ஐஸில் வையுங்கள். லேபிளையும் பாருங்கள்: ஐதரோகுளோரைட்டு உப்பென்றால் 1 மில்லிலீற்றருக்கு 2.1 மில்லிகிராம் போட 10 மில்லிமோலார் வரும். கிரியற்றினின் சல்பேற்று உப்பென்றால் ஏறக்குறைய 4 மில்லிகிராம் வேண்டும். இதைக் கவனியாமல் பாதிச் செறிவோடு வேலை செய்பவர்கள் நிறையப் பேர். அந்த 10 மில்லிமோலார் கரைசலில் 10 மைக்ரோலீற்றரை, கால் கிடக்கும் 100 மில்லிலீற்றர் உப்புக் கரைசலில் விட்டால் 1 மைக்ரோமோலார், தாராளம்.

வீக்கத்துக்குக் காரணம் வேறு. கால் கிடக்கும் கரைசலுக்கு நீங்கள் தந்த 205 மில்லிமோலார் சோடியம் குளோரைட்டு நன்னீர்ச் சிங்கிறாலுக்கு உரியது; உங்கள் நண்டுக்கு அது ஐதென்பதால் தசைக்குள் நீர் ஏறுகிறது. உங்களுக்கு வேண்டிய கடல் நண்டுக் கரைசலில், மில்லிமோலாரில், சோடியம் 440, பொட்டாசியம் 11, கல்சியம் 13, மக்னீசியம் 26, எல்லாம் குளோரைட்டாக, பி.எச். 7.4.

செரற்றோனின், தசைக்குச் செய்தி கொண்டுபோகும் கடத்திப் பொருள் நரம்பு முனையிலிருந்து வெளியேறுவதைக் கூட்டுகிறது, கழுவிய பிறகும் அது சட்டென்று இறங்காது. சுருக்கம் பழைய அளவுக்குத் திரும்பும்வரை அடுத்த முறை செரற்றோனினை விடாதீர்கள்.

செரற்றோனின் ஏற்றினால் உடல் மடங்கும் நிலையை வெட்டிய காலில் தேட வேண்டாம். 1980இல் சிங்கிறாலில் காட்டப்பட்ட அந்த மடங்கல் நரம்பு வடத்தின் வேலை: மடக்கும் தசைகளின் இயக்க நரம்பணுக்கள் தூண்டப்பட, நீட்டும் தசைகளுக்கானவை அடங்கும்.