மட்டக்குதிரை துள்ளி உதைப்பது குறும்பா, முரட்டுத்தனமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். கோபி பக்கம் எங்கள் தோட்டம். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் நாலு வயது ஆண் மட்டக்குதிரை ஒன்று வாங்கினோம். மாட்டுக் கொட்டகையில் ஓர் ஓரமாகக் கட்டியிருக்கிறோம். தினமும் 2 கிலோ கொள்ளு வேகவைத்துக் கொடுக்கிறோம், சோளத்தட்டும் போடுகிறோம். காலையில் ஒரு மணி நேரம் தென்னந்தோப்பில் அவிழ்த்து விடுவோம். விட்டதும் முதுகை வளைத்துத் துள்ளுகிறது, பின்னங்கால் இரண்டையும் தூக்கி உதைத்துக்கொண்டே ஓடுகிறது. நேற்று என் தோளை உரசிக்கொண்டு குளம்பு போனது. ஒன்பது வயதுப் பையனுக்காக வாங்கியது. உடம்பில் மயிர் சுழித்திருக்கும் சுழி சரியில்லை, விற்றுவிடு என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: விற்க அவசரப்படாதீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது பெரும்பாலும் சந்தோஷத் துள்ளல்தான். சுழியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, உங்கள் குதிரை ஒரு நாளை எப்படிக் கழிக்கிறது என்று பாருங்கள். மாடு வயிறு நிறைந்தால் படுத்து அசைபோடும். குதிரைக்கு அசைபோடும் வேலையே கிடையாது. திறந்த வெளியில் விட்டால் நாளில் 14 முதல் 16 மணி நேரம் நடந்து நடந்து மேயும் பிராணி அது. அதை 23 மணி நேரம் கட்டி வைத்து, சவாரியோ வண்டியோ இல்லாமல், 2 கிலோ கொள்ளும் போட்டால் அந்தத் தெம்பு எங்கே போகும்? கயிறு அவிழ்ந்த நிமிடம் காலில் வந்து நிற்கும். மார்கழிக் குளிரில் இன்னும் கூடுதலாகத் துள்ளும், அதற்கும் பயப்பட வேண்டாம்.

முதுகில் பாய்ந்த மிருகத்தை உதறித் தள்ளவும், பின்னால் துரத்துவதை உதைத்து விரட்டவும் குதிரைக்கு அமைந்த அசைவுகள் இவை. குட்டிகள் ஒன்றோடொன்று விளையாடும்போது இதைத்தான் பழகுகின்றன. வளர்ந்த பிறகும் உற்சாகம் வந்தால் அதே அசைவுகள் வரும்.

கோபத்தில் உதைப்பது வேறு மாதிரி இருக்கும். நாளைக் காலை வேலிக்கு வெளியே நின்று காதையும் வாலையும் மட்டும் கவனியுங்கள். விளையாட்டாக இருந்தால் காது முன்னால் விறைத்தோ, அங்கும் இங்கும் திரும்பியோ இருக்கும். வால் கொடிபோல மேலே தூக்கியிருக்கும். மூக்கால் ‘புர்ர்’ என்று ஊதும். உதை யாரையும் குறிவைக்காமல் காற்றில் போகும். நாலைந்து சுற்று ஓடிவிட்டு, மண்ணில் புரண்டு, எழுந்து உடம்பை உதறிவிட்டு மேயப் போய்விடும். கோபமாக இருந்தால் காது இரண்டும் பிடரியோடு ஒட்டிப் படிந்துவிடும். மூக்கு சுருங்கும், வால் பட்பட்டென்று அடிக்கும், பின்பக்கத்தை உங்களை நோக்கித் திருப்பி ஒரு காலைத் தூக்கி மிரட்டும். அப்படிச் செய்தால் பக்கத்தில் போகாதீர்கள். காயடிக்காத குதிரை என்றால், பெட்டைக் குதிரை வாசனை வரும் நாட்களில் இன்னும் கவனமாக இருங்கள்.

சந்தோஷமாக உதைத்தாலும் எலும்பு முறியும் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் தோளை உரசியது அப்படிப்பட்ட உதைதான். மாட்டோடு பழகியவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மாடு பெரும்பாலும் காலை முன்னே கொண்டுவந்து பக்கவாட்டில் வீசும். அதனால் பின்னால் நிற்பதே நல்லது என்று நமக்குப் பழகிவிட்டது. குதிரை நேராகப் பின்னால், இரண்டு காலாலும் உதைக்கும். அதன் வாலுக்கு நேர் பின்னால் நிற்பவர் அதன் கண்ணுக்கே தெரியமாட்டார். ஒன்று, குரல் கொடுத்தபடி தோளோடு ஒட்டி நில்லுங்கள். இல்லையென்றால் பத்தடியாவது தள்ளி நில்லுங்கள்.

அவிழ்க்கும் முறையை மாற்றினாலே பாதி ஆபத்து போய்விடும். தோப்புக்குள் நடத்திக் கொண்டுபோய், குதிரையை வாசலைப் பார்த்துத் திருப்புங்கள். வாசலுக்கும் குதிரைக்கும் நடுவில் நீங்கள் இருக்க வேண்டும். அது தலையைத் தாழ்த்தி அமைதியாகும் வரை பொறுத்திருந்து கயிற்றைக் கழற்றுங்கள். முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்து வெளியே வாருங்கள். இப்படிச் செய்தால் ஓடுவதற்கு அது உங்களிடமிருந்து திரும்பியாக வேண்டும்; அதற்குள் நீங்கள் தள்ளிப் போயிருப்பீர்கள். புட்டத்தில் தட்டி ‘ஓடு’ என்று விரட்டும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். துள்ளியதற்காகச் சாட்டையால் அடிக்கவும் கூடாது. அடித்தால் விளையாட்டு உதை பய உதையாக மாறும், அது குறி பார்த்து வரும்.

அப்புறம் தீனி. வேலையில்லாத மட்டக்குதிரைக்கு 2 கிலோ கொள்ளு அதிகம். ஒரே நாளில் நிறுத்தினால் வயிறு கோளாறாகும், அதனால் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக அரைக் கிலோவுக்குக் கொண்டு வாருங்கள். அந்த இடத்தைப் புல்லும் தட்டும் நிரப்பட்டும். தானியம் மிஞ்சினால் துள்ளல் மட்டுமல்ல, குளம்பு அழற்சியும் வரும். மட்டக்குதிரைகளுக்கு அது சீக்கிரம் பிடிக்கும் நோய். ஒரு மணி நேர மேய்ச்சலை ஐந்தாறு மணி நேரமாக்குங்கள். விடும் முன் வேலியில் முள்கம்பி தொங்குகிறதா, அரளி வளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அரளி இலை கொஞ்சம் தின்றாலே குதிரை செத்துவிடும்.

வலியால் துள்ளுவதும் உண்டு. தோப்பில் சாதுவாக இருந்து, சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்கும்போதோ ஆள் ஏறும்போதோ மட்டும் துள்ளினால் முதுகை விரலால் அழுத்திப் பாருங்கள். நெளிந்தால் அங்கே வலி இருக்கிறது. நாலு வயதில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் நேரம் என்பதால் கடிவாளம் வாயில் குத்தலாம். தன் வயிற்றையே உதைத்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தீனி எடுக்காமல், வியர்த்துப் புரண்டால் அது வயிற்றுவலி. அதில் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பையன் விஷயம். குதிரை தோப்பில் ஓடும்போது அவன் உள்ளே போகவே கூடாது. பிள்ளைகள் ஓடினால் குதிரைக்கும் குஷி கிளம்பிவிடும். அது ஓடி முடித்து மேயத் தொடங்கிய பிறகு, நீங்கள் தலைக்கயிற்றைப் பிடித்திருக்க, அவன் தோள் பக்கம் நின்று பிரஷ் போட்டுப் பழகட்டும். சவாரிக்கு அவசரம் வேண்டாம். தீனியையும் மேய்ச்சலையும் மாற்றி ஒரு மாதம் ஆகட்டும். அதற்குள் முதுகையும் பல்லையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் வரும்போதே இரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியும் கேட்டுப் போட்டுவிடுங்கள். கால்நடைகளில் அந்த நோய் குதிரையைத்தான் மிக எளிதாகத் தாக்கும், உங்கள் குதிரையோ வேலி ஓரமாகத் துள்ளி ஓடும் குதிரை.