ஹேண்டில்பார் மாற்றியதும் ஃபியூஸ் போகிறது, வயரிங் செட்டையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: வணக்கமுங்க. கோபியிலிருந்து பெருந்துறை சிப்காட்டுக்கு பைக்கில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். முதுகுவலி தாங்காமல், ஈரோட்டில் ஒரு கடையில் உயரமான ஹேண்டில்பார் வாங்கி அங்கேயே மாட்டினேன். மறுநாளிலிருந்து செல்ஃப் எடுக்கவில்லை, கிக்கரில் எடுக்கிறது. இடதுபக்கம் முழுசாகத் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கிறது. சில சமயம் ஃபியூஸ் போய் வண்டியே நின்றுவிடுகிறது. கடைக்காரர் ஃபியூசுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டு, "பேட்டரி, வயரிங் செட் ரெண்டுமே போச்சு, மாத்தோணும், ஆறாயிரம் ஆகும்" என்கிறார். மாற்றிவிடலாமுங்களா?
(வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: மாற்ற வேண்டாம். இப்போதைக்கு ஃபியூசைத் தவிர எதையும் வாங்காதீர்கள்.

முதலில் அந்தச் செம்புக் கம்பியை இன்றைக்கே கழற்றுங்கள். ஷார்ட் ஆனால் ஃபியூஸ் எரிந்து ஒயரைக் காப்பாற்ற வேண்டும். கம்பி எரியாது, அதனால் ஒயர் எரியும், அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியில். ஃபியூஸ் பெட்டி மூடியிலோ வண்டிப் புத்தகத்திலோ எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும், ஒரு படிகூட அதிகம் கூடாது.

முந்தின நாள் வரை நன்றாக ஓடிய பேட்டரியும் வயரிங்கும் ஹேண்டில்பார் மாற்றிய மறுநாளே சேர்ந்து கெட்டுப்போவது அபூர்வம். மெக்கானிக் கை வைத்தது சுவிட்ச், ஹெட்லைட் டூம் (விளக்கின் கூடு), ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதி ஆகிய மூன்று இடங்களில்தான். கோளாறையும் அங்கேதான் தேட வேண்டும். பேட்டரி மேல் சந்தேகம் இருந்தால் செல்ஃப் பட்டனை அமுக்கிக் கேளுங்கள். டக் டக் என்று சத்தம் வந்து லைட் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கலாம். சத்தமே இல்லையென்றால் சுவிட்ச் பக்கம் பாருங்கள். வண்டி சும்மா நிற்கும்போது மல்டிமீட்டரில் 12.4 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது.

செல்ஃப் எடுக்காததற்கு நான் முதலில் பார்ப்பது கிளட்ச் லிவருக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்சை. ஹேண்டில்பார் மாற்றும்போது அதில் சொருகிய ஒயர் முனை கழன்றுவிடும், இல்லையென்றால் மறுபடி சொருக மறந்துவிடுவார்கள். கிளட்ச் பிடித்திருப்பது வண்டிக்குத் தெரியாததால் பல வண்டிகளில் செல்ஃப் வேலை செய்யாது. ஹெட்லைட் டூமுக்குள் ஒயர்களை இணைக்கும் கப்ளர்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்.

திருப்பும்போது வரும் கோளாறு ஒயர் இழுபடுவதால் வருவது. உயரம் கூடிய ஹேண்டில்பாருக்குப் பழைய ஒயர் நீளம் பத்தாது. சாவியைப் போட்டு, இன்ஜினை ஓட்டாமல், ஹேண்டில்பாரை ஒரு பக்க லாக்கிலிருந்து (முழுசாகத் திரும்பி நிற்கும் இடம்) மறுபக்க லாக்குக்கு மெதுவாகத் திருப்பிக்கொண்டே கழுத்துக்குப் பக்கத்தில் ஒயர்க் கட்டைக் கவனியுங்கள். எங்கே விறைக்கிறது, எங்கே நசுங்குகிறது என்று கண்ணுக்கே தெரியும். சில வண்டிகளில் ஹாரனுக்குக் கரண்ட் நேராகப் போய்விடும், பட்டன் கொடுப்பது எர்த் மட்டும்தான். அந்த ஒயர் உரிந்து ஃபிரேமில் பட்டால் ஹாரன் தானாக அடிக்கும், ஆனால் ஃபியூஸ் போகாது. கரண்ட் வரும் ஒயர் பட்டால்தான் ஃபியூஸ் போகும். உங்களுக்கு இரண்டும் நடப்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட ஒயர் உரிந்திருக்கலாம்.

இன்னொன்று. கம்பெனி ஹேண்டில்பாரில் சின்ன ஓட்டை இருக்கும், சுவிட்சுக்குள் இருக்கும் முளை அதில் உட்காரும். வெளியில் வாங்கும் பல ஹேண்டில்பார்களில் அந்த ஓட்டை இருக்காது. முளையைத் தேய்த்துவிட்டு மாட்டினால், கட்டைவிரலால் இன்டிகேட்டரைத் தள்ளும்போதெல்லாம் சுவிட்சே சுழன்று உள்ளே ஒயர் முறுக்கும். அளவு பார்த்து ஓட்டை போட்டு மாட்டுவதுதான் சரியான வேலை. ஒயர் நீளம் பத்தாவிட்டால் நீட்டிப்பு ஒயர் கேளுங்கள். வெட்டி முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்கே பழைய கதைதான்.

இனி பணம். மாட்டியது கடைக்காரர் என்பதால் சரிசெய்து தருவதும் அவர் பொறுப்பு. செம்புக் கம்பியால் ஒயர் உருகியிருந்தால் அந்தச் செலவும் அவருடையதுதான் என்று கேளுங்கள். எதையும் பிரிக்கும் முன் ஹாரன் தானாக அடிப்பதை வீடியோ எடுங்கள், செம்புக் கம்பியைப் போட்டோ எடுங்கள். பில் இல்லையென்றால் ஜிபே பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் உதவும். முதலில் கடைக்கு நேரில் போய்ப் பேசுங்கள், நம் ஊரில் பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். மறுத்தால் எழுத்தில் கொடுத்து 15 நாள் அவகாசம் தாருங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று எழுதி ஒட்டியிருந்தாலும் கவலை வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் இல்லாதபோது, 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

கேள்வி: நானும் ஹேண்டில்பார் மாற்றினேன். நியூட்ரலில் நிற்கும்போது இடதுபக்கம் திருப்பினால் இன்ஜின் தானாக ரைஸ் ஆகிறது. வயரிங் கோளாறா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பெரும்பாலும் ஆக்சிலேட்டர் கேபிள்தான். நீளம் பத்தாமல், திருப்பும்போது இழுபடுகிறது. வளைவில் நீங்கள் முறுக்காமலே வண்டி பாயும் என்பதால் சரிசெய்யும் வரை ஓட்டாதீர்கள். நீளமான கேபிள் போட்டு, கடையை விட்டுக் கிளம்பும் முன்பே இரண்டு பக்கமும் லாக் வரை திருப்பிப் பாருங்கள். டிஸ்க் பிரேக் இருந்தால் அதன் ஹோஸும் (பிரேக் ஆயில் குழாய்) அந்த இடத்தில் விறைக்காமல் தளர்வாக இருக்க வேண்டும்.