வாகரைக் கைப்பம்பில் தண்ணீர் சிவக்கிறதா?

கிணற்றை மூட வேண்டாம். வெளிநாட்டுச் சபை உதவியோடு உங்கள் ஊழியத்தில் மட்டக்களப்பு மாவட்டத்து வாகரையில் அடித்த குழாய்க்கிணற்றுத் தண்ணீர் வாளியில் சிவக்கிறது, பிளேன்டீ கறுக்கிறது, சனம் பழைய திறந்த கிணற்றுக்கே போகிறது என்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் கவலை.

பெரும்பாலும் இது இரும்பு. நிலத்தடியில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். காற்றுப் பட்டதும் துருவாகிப் படியும். தேயிலைச் சாயத்தோடு சேர்ந்தால் கறுப்பு.

இன்று மாலையே ஐம்பது தரம் அடித்துவிட்டு, வெள்ளை வாளியில் பிடித்து விடியும்வரை வையுங்கள். தெளிவாக வந்து பிறகு மஞ்சளானால் நிலத்து இரும்பு. முதல் அடிகளில் மட்டும் சிவந்து, அப்புறம் தெளிந்தே நின்றால் குழாய்த் துரு. குழாயை மாற்றினால் சரி.

நிலத்து இரும்பென்றால், துளையிட்ட தட்டு வழியாகச் சரளைக்கல் மேல் சிந்தவிட்டு மணல் தொட்டியில் வடியுங்கள். மேல்மணலை அடிக்கடி கழுவ வேண்டும். அதற்கு அங்கே தண்ணீர் எடுக்கும் குடும்பங்களிலேயே இருவரை இப்போதே பழக்குங்கள்.

ஆனால் இரும்பு போனால் கிருமி போனதாகாது. மலசலகூடக் குழி கிட்ட இருந்தால் மாரியில் நீர்மட்டம் ஏறும்போது கலக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொல்லித் தண்ணீரைப் பரிசோதியுங்கள். அதுவரை கொதிக்கவைத்தே குடிக்கட்டும். குளோரின் போடுவதென்றால் தண்ணீரை வடித்த பிறகுதான், முன்பே போட்டால் இரும்பே அதைத் தின்றுவிடும்.