ஃபோக் ராக் என்றால் என்ன? பாப் டிலனின் பிறந்தநாளில் அதைப் பற்றி ஏன் பேசுகிறார்கள்?

நாட்டுப்பாடலின் மெட்டையும் கதை சொல்லும் வரிகளையும் எடுத்து, மின்சார கித்தார், டிரம்ஸோடு பாடுவதுதான் ஃபோக் ராக். 1960களின் நடுவில் அமெரிக்காவில் சூடுபிடித்தது. அதில் முதலில் நினைவுக்கு வருபவர், 1941 மே 24 அன்று மினசோட்டா மாநிலத்தின் டுலூத்தில் பிறந்த பாடகரும் பாடலாசிரியருமான பாப் டிலன்.

எண்பதைத் தாண்டியும் மே மாதம் வந்தால் அவர் பேச்சு எழக் காரணம் குரல் இல்லை (அது பலருக்குப் பிடிக்கவே பிடிக்காது). பாட்டு எழுதும் முறைதான். தாலாட்டின் மெட்டு ஒன்றாக இருந்தாலும் வீட்டுக்கு வீடு வார்த்தை மாறும், இல்லையா? டிலனும் அப்படித்தான் தொடங்கினார். ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ பாட்டின் மெட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்கள் அடிமை ஏலத்தைப் பற்றிப் பாடிய பழைய பாடலிலிருந்து வந்தது. அந்த மெட்டின்மேல் அவர் வரிசையாகக் கேள்விகளை வைத்தார். நேரடியாகப் பதில் சொல்லவில்லை. அதனாலேயே பின்னால் வந்த போராட்டக்காரர்களும் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

அப்புறம் 1965 ஜூலையில், நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் மின்சார கித்தாரோடு மேடையேறினார். கூட்டத்தில் ஒரு பகுதி எதிர்ப்புக் கூச்சல் போட்டது. 2016இல் இலக்கிய நோபல் கிடைத்தபோதும், பாட்டு எழுதுபவருக்கு இலக்கியப் பரிசா என்ற முணுமுணுப்பு இருந்தது.

ஃபோக் ராக்கைத் தொடங்கியதே அந்த நியூபோர்ட் மேடைதான் என்பார்கள். அது சரியில்லை: டிலன் எழுதிய ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பாட்டை பேர்ட்ஸ் என்ற ராக் இசைக்குழு மின்சார கித்தாரோடு பாடி, அதற்கு முந்தைய மாதமே அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோயிருந்தது.