உளவியல் பட்டத்துக்கு முன்னால் ஓர் அடித்தள ஆண்டு தேவையா?

கேள்வி: "தம்பிக்கு இந்த ஆண்டு இறுதியில் தேசிய சேவை முடிகிறது. மேல்நிலைத் தேர்வில் அவன் எடுத்த புள்ளிகள் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களுக்குப் போதவில்லை. உளவியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். அடித்தள ஆண்டையும் சேர்த்து நான்கு ஆண்டில் பிரிட்டிஷ் பட்டம் வாங்கலாம் என்கிறார் ஒரு முகவர். இங்கே சிங்கப்பூரிலேயே தனியார் கல்லூரியிலும் அதே ஏற்பாடு உண்டாம். அந்த ஓராண்டு தேவைதானா? அப்பாவோ, 'பைத்தியங்களோடு வேலை பார்க்கவா இவ்வளவு செலவு?' என்கிறார்."

உங்கள் தம்பிக்கு அந்த ஓராண்டு தேவைப்படாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். முகவர் நீட்டும் தாளில் அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடச் சொல்லுங்கள்.

விளம்பரங்களில் ஃபவுண்டேஷன் என்று வருகிற இந்த அடித்தள ஆண்டு, முதலாம் ஆண்டில் நேரடியாகச் சேரத் தகுதி போதாதவர்களுக்காக ஏற்பட்டது. சாதாரண நிலைத் தேர்வோடு படிப்பை நிறுத்தியவர்கள், பள்ளியை விட்டு வெகுகாலம் ஆனவர்கள், தங்கள் நாட்டுப் பள்ளிச் சான்றிதழ் ஏற்கப்படாத வெளிநாட்டு மாணவர்கள் ஆகியோருக்கு இது ஒரு நல்ல வாசல். நானும் அந்த வாசல் வழியாக நுழைந்தவள்தான். சாதாரண நிலைத் தேர்வுக்குப் பிறகு வேலைக்குப் போய்விட்டு, பிறகு இங்குள்ள தனியார் கல்லூரி ஒன்றில் அடித்தள ஆண்டு, அதன்பின் பட்டம் என்று படித்தேன். இப்போது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான பள்ளியில் உளவியலாளர் ஒருவருக்கு உதவியாளராக இருக்கிறேன். எனவே அந்த ஆண்டின் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. அது தேவைப்படாதவர்களுக்கும் விற்கப்படுகிறது என்பதுதான் என் மனக்குறை.

உங்கள் தம்பி மேல்நிலைத் தேர்வை எழுதி முடித்தவர். சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் மேல்நிலைச் சான்றிதழைப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் முதலாம் ஆண்டுச் சேர்க்கைக்கே ஏற்றுக்கொள்கின்றன. நம் ஊரில் உளவியலுக்கு இருக்கும் போட்டியை அளவுகோலாக வைத்துக்கொண்டு, தன் மதிப்பெண் எங்குமே செல்லாது என்று நம் பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். பிரிட்டனில் உளவியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் ஏராளம்; அவை கேட்கும் மதிப்பெண்ணும் வெகுவாக வேறுபடுகிறது. இவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. அங்குள்ள பிள்ளைகள் பெரும்பாலும் முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டு ஆகஸ்ட் வரை காத்திருப்பார்கள். இவரிடம் முடிவு ஏற்கெனவே கையில் இருப்பதால், இடம் கிடைத்தால் நிபந்தனை இல்லாமலே கிடைக்கலாம். யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் மூலம் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். எல்லாம் கைநழுவினாலும், கோடையில் காலியிடங்களை நிரப்பும் 'கிளியரிங்' சுற்று இருக்கிறது. இத்தனையும் முயன்ற பிறகும் கதவு திறக்கவில்லை என்றால்தான் அடித்தள ஆண்டைப் பற்றிப் பேச வேண்டும்.

முகவர் இதைச் சொல்லவில்லையா? அதில் வியப்பில்லை. முகவர்களுக்குச் சேவைக் கட்டணத்தைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமோ அடித்தளப் படிப்பை நடத்தும் நிறுவனமோதான் கொடுக்கிறது. அவர் காட்டுகிற பட்டியலில் எது இல்லை என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்றவர்களுக்கும் அடித்தள ஆண்டு பெரும்பாலும் வீண் செலவு. தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியின் உளவியல் பட்டயம் போன்ற ஒன்றை முடித்தவர்கள், சில பல்கலைக்கழகங்களில் பாட விலக்குக்கூடக் கேட்கலாம். வழக்கநிலை ஏட்டுக்கல்விப் பிரிவிலிருந்து வருபவர்களுக்கு, உயர்நிலை ஐந்துக்குப் பதிலாகப் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலேயே ஓராண்டு அடித்தளத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. பெயர் ஒன்றுபோல் ஒலிக்கிறது என்பதற்காக அதையும் தனியார் கல்லூரியின் அடித்தள ஆண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்னது பட்டயப் படிப்புக்குக் கொண்டுபோகும். அரசு மானியமும் உண்டு.

சரி, எங்கும் நேரடி இடம் கிடைக்கவில்லை, அல்லது மேல்நிலையில் கணிதமும் அறிவியலும் படிக்காததால் துறை தயங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அந்த ஆண்டில் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். உளவியலுக்கு வருபவர்களில் பலர் கனவுகளையும் மனக்காயங்களையும் பற்றிப் பேசப்போகிறோம் என்ற நினைப்போடு வருகிறார்கள். முதல் பருவத்திலேயே அவர்கள் முன்னால், எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளக்கும் திட்ட விலக்கமும், இரு குழுக்களின் சராசரி வித்தியாசம் தற்செயலானதா என்று பார்க்கும் டி-சோதனையும் வந்து உட்கார்ந்துகொள்ளும். 1879இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் அமைத்த நாள் முதல், தன்னை அறிவியல் என்று நிரூபித்துக்கொள்ளத் துடிக்கும் துறை இது. எண்கள் இல்லாமல் இதில் எதுவும் நகராது. என்னோடு படித்தவர்களில் பட்டத்தைப் பாதியில் விட்டவர்கள் ஃபிராய்டு புரியாமல் விடவில்லை. ஆய்வு முறைகள் என்ற பாடத்தைக் கண்டு ஓடினார்கள்.

டி-சோதனையின் கதையை எங்கள் ஆசிரியர் சொன்ன பிறகுதான் எனக்கு அந்தப் பாடத்தின் மேல் இருந்த பயம் தெளிந்தது. அதைக் கண்டுபிடித்த வில்லியம் காசெட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். சில மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மொத்தச் சரக்கின் தரத்தை எப்படி ஊகிப்பது என்பது அவருடைய அன்றாடச் சிக்கல். சொந்தப் பெயரில் வெளியிட ஆலை அனுமதிக்காததால், 1908இல் 'மாணவன்' என்ற புனைபெயரில் கட்டுரை எழுதினார். இன்றும் அந்தச் சோதனை அந்தப் பெயரில்தான் அழைக்கப்படுகிறது. பீர் ஆலைக்காரரின் கணக்கைக் கொண்டுதான், பதற்றத்துக்கான ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்று இன்று நாம் சோதிக்கிறோம்.

நல்ல அடித்தள ஆண்டு, சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைக்காமல் இந்த மாதிரிச் சிந்தனையைப் பழக்குகிறது. துணைப்பாட வகுப்புக்கு அதிகம் போகும் மாணவர்கள் குறைந்த மதிப்பெண் எடுக்கிறார்கள் என்று ஒரு தரவு காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். துணைப்பாடம் மூளையை மழுக்குகிறது என்று சொல்லிவிடலாமா? படிப்பில் தடுமாறுபவர்களைத்தானே பெற்றோர் அதிகம் அனுப்புகிறார்கள்! காரணமும் விளைவும் தலைகீழாக இருக்கலாம். இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்கப் பழகிவிட்டால், பட்டப்படிப்பின் பாதிச் சுமை குறைந்துவிடும். எங்கள் வகுப்பில் ஸ்ட்ரூப் சோதனையையும் செய்து பார்த்தோம். சிவப்பு மையில் 'பச்சை' என்று எழுதியிருக்கும். நிறத்தைத்தான் சொல்ல வேண்டும், சொல்லைப் படிக்கக்கூடாது. ஆங்கிலத்தில் எல்லாரும் திணறினோம். தமிழ் அட்டைகளில் நாங்கள், தமிழ்ப் பிள்ளைகள், அவ்வளவாகத் திணறவில்லை. வேகமாகப் படிக்க வரும் மொழியில்தான் குறுக்கீடு அதிகம் என்பது ஆய்வாளர்கள் முன்பே கண்டதுதான். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் பாடம் மறக்கவே இல்லை.

இன்னொன்று கட்டுரை எழுதும் முறை. மேற்கோள் கொடுப்பது, ஓர் ஆய்வின் குறையைச் சுட்டுவது, தெரிந்ததையெல்லாம் கொட்டாமல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுவது ஆகியவற்றை அந்த ஆண்டிலேயே பழகலாம். 2015இல் ஒரு பெரிய ஆய்வுக் குழு, பெயர்பெற்ற இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது, ஏறக்குறைய 36 விழுக்காட்டில்தான் முதல் தடவை கிடைத்ததைப் போன்ற உறுதியான முடிவு கிடைத்தது. இதை முதலாண்டு மாணவரிடமே மறைக்காமல் சொல்லும் ஆசிரியர்கள் கிடைத்தால் அந்தக் கல்லூரியை நம்பலாம். பாடத்திட்டத்தில் புள்ளியியல் பெயருக்கு மட்டும் இருந்து, மீதி எல்லாம் 'தன்னம்பிக்கை வளர்ப்பு' வகையறாவாக இருந்தால் பணத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அடித்தள ஆண்டின் மதிப்பெண் பொதுவாகப் பட்டத்தின் தரத்தில் சேராது. ஆனால் முதலாம் ஆண்டுக்குப் போக ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் வைத்திருப்பார்கள். உளவியலுக்கு அது மற்றத் துறைகளைவிடக் கூடுதலாக இருப்பதும் உண்டு. 'சேர்ந்துவிட்டால் பட்டம் நிச்சயம்' என்று முகவர் சொன்னால், அந்த மதிப்பெண் எவ்வளவு, எட்டாவிட்டால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள்.

இனிச் சொல்லப்போவது அடித்தள ஆண்டைவிட முக்கியம். உளவியலில் பட்டம் வாங்கியதும் யாரும் உளவியலாளர் ஆகிவிடுவதில்லை. நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ உளவியலாளராக வேண்டுமானால், நல்ல தரத்தில் ஹானர்ஸ், அதன் மேல் மேற்பார்வைப் பயிற்சியோடு கூடிய முதுகலை வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் (என்யுஎஸ்) மருத்துவ உளவியல் முதுகலையில் இடங்கள் குறைவு. ஆகவே தேர்ந்தெடுக்கும் பட்டம் அந்த அடுத்த கதவைத் திறக்குமா என்று இப்போதே பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் பட்டமானால் பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் அதற்கு இருக்க வேண்டும். படித்து முடிக்கும்போது குறைந்தது இரண்டாம் வகுப்பின் கீழ்நிலையாவது வாங்கினால்தான் அந்தச் சங்கத்தின் அடிப்படைத் தகுதி கிடைக்கும். ஆஸ்திரேலியப் பட்டமானால் அங்குள்ள உளவியல் அங்கீகார மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பின் நான்காவதாக ஒரு ஹானர்ஸ் ஆண்டும் அந்த முறையில் உண்டு. கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறது என்ற பதில் போதாது. அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு, அதுவும் சிங்கப்பூரில் கற்பிக்கப்படும் வடிவத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். இரண்டு சங்கங்களின் இணையப் பக்கங்களிலும் தேடிப் பார்க்கலாம்.

உள்ளூரிலேயே வேறு வழிகளும் இருக்கின்றன. ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் வளாகம் ஆண்டுக்கு மூன்று பருவமாக உளவியலை நடத்துவதால் படிப்பு சீக்கிரம் முடிகிறது. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் (எஸ்யுஎஸ்எஸ்) வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக உளவியல் படிக்கலாம், குடிமக்களுக்கு அரசு மானியமும் கிடைக்கும். தேசிய சேவை முடித்த பையனுக்கு இருபது, இருபத்தொன்று வயது ஆகியிருக்கும். தன் வயதுப் பெண்கள் இரண்டாம் ஆண்டில் இருக்கும்போது தான் அடித்தள ஆண்டில் உட்காருவது அப்படிப்பட்ட பையனுக்கு உறுத்தும் என்பதை என் வகுப்பிலேயே கண்டேன். எனக்கு எஸ்யுஎஸ்எஸ் வழிதான் பிடிக்கும். தம்பிக்கு விமானம் ஏறும் ஆசை இருந்தால் அது வேறு கதை.

செலவைப் பற்றிச் சுருக்கமாக. பெற்றோரின் மத்திய சேமநிதியிலிருந்து கல்விக் கடன் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் திட்டம் அரசு மானியம் உள்ள குறிப்பிட்ட உள்ளூர்ப் படிப்புகளுக்குத்தான். தனியார் கல்லூரிக்கும் வெளிநாட்டுக்கும் பொருந்தாது. பிரிட்டனில் கல்விக் கட்டணம் ஒருபுறமிருக்க, 2025 ஜனவரி நிலவரப்படி மாணவர் விசாவுக்கு வாழ்க்கைச் செலவாக லண்டனில் மாதம் 1,483 பவுண்டும் மற்ற இடங்களில் 1,136 பவுண்டும் ஒன்பது மாதத்துக்குக் கையிருப்பாகக் காட்ட வேண்டியிருந்தது. மருத்துவக் கட்டணம் என்று ஆண்டுக்கு 776 பவுண்டு தனியாக. ஓராண்டு கூடினால் இவையெல்லாம் கூடும், வேலைக்குப் போகும் நாளும் தள்ளிப்போகும்.

அப்பாவுக்கு என்ன சொல்வது? அவர் சொல்வது மனநல மருத்துவரை மனத்தில் வைத்து. மருந்து எழுதுபவர் மருத்துவம் படித்தவர். உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகத்தில் மட்டும்தான் உளவியலாளர்கள் இருக்கிறார்கள் என்றும் இல்லை. கல்வி அமைச்சு, சிறைத்துறை, உள்துறை அமைச்சு, சிறப்புத் தேவைப் பள்ளிகள், நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு என்று பல இடங்களில் இருக்கிறார்கள். 'பைத்தியம்' என்ற சொல்லை அப்பா மறுபடி பயன்படுத்தினால் கோபப்படாமல் ஒன்றைச் சொல்லுங்கள்: 2016இல் எடுக்கப்பட்ட தேசிய மனநல ஆய்வின்படி, சிங்கப்பூரர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வு, பதற்றம், மதுப் பழக்கம் போன்ற ஏதோ ஒரு கோளாறு வந்திருக்கிறது. நம் வீவக புளோக்கில் ஒரு மாடிக்கு எத்தனை வீடு என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். தமிழில் பேசத் தெரிந்தவர் ஒருவர் பள்ளியில் இருந்தால் பெற்றோரின் முகம் எப்படி மாறுகிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் தலையாட்டிவிட்டுப் போகிற அம்மாக்கள், தமிழில் கேட்டால் அரை மணி நேரம் பேசுகிறார்கள்.

கடைசியில் தனியார் கல்லூரிதான் என்று முடிவானால், தனியார் கல்லூரிகளுக்கான எடுடிரஸ்ட் தரச் சான்றிதழ் இருக்கிறதா, கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தில் உங்கள் பணம் சேருமா என்று பாருங்கள். மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின் ஏழு வேலை நாள் மனம் மாற அவகாசம் உண்டு. பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்துபவரிடம் அதை நினைவுபடுத்துங்கள். பிரிட்டனுக்குப் போவதானால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. முன்பணத்தை முகவரின் கணக்குக்கு அனுப்பாமல் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாகச் செலுத்துங்கள். தம்பியின் மேல்நிலைப் பாடங்களும் மதிப்பெண்ணும் என்ன என்று கீழே எழுதினால், எங்கெங்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.